கை எட்டும் உயரம்

செம்பாக்கம்
12-6-2024

அன்புள்ள சூரிக்கு, அக்கா நாகலக்ஷ்மி எழுதுவது.

இங்கே வலது தோள் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே உன் காது தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்தானே?

வாட்ஸப்பில் நீ தினமும் அனுப்பும் பூக்கள் வருகின்றன. ஆனால் அந்தக் குடும்பக் குழுவில் தலைவலி என்று எழுதினால்கூட ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். போனில் பேசலாம் என்றால் உன் காது மெஷின் கீச்சிடுகிறது. அதனால் நமக்குக் கடிதம்தான் சரி.

மாசி மாதம் ரவிக்கை போடும்போது தோளில் சுருக்கென்றது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். சித்திரைக்குள் தோள் பூட்டிக்கொண்டுவிட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. தெரியாமல் ஒரு பக்கம் புரண்டுவிட்டால் உயிர் போகிறது. எலும்பு டாக்டர் இதை 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிறார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம், போகவும் அதிக நாளாகுமாம். ஒரு வருஷமோ, இரண்டோ, சொல்ல முடியாது என்கிறார்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குலாப் ஜாமூன் ஜீரா ஒரு கைக்குட்டையில் கொட்டிவிட்டதென்று வைத்துக்கொள். ஈரமாக இருக்கும்வரை தெரியாது. காய்ந்ததும் துணி விறைத்து, மடித்த இடத்திலேயே நிற்கும். தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. இத்தனை வருஷம் என் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதை அப்படித்தான் விறைக்க வைத்திருக்கிறது.

வீட்டு வேலைக்கு வரும் அங்காளம்மாதான் காலையில் ரவிக்கை மாட்டிவிட்டு, தலையும் பின்னிவிடுகிறாள். நேற்று சிரிக்கிறாள்: "இன்னா டீச்சரம்மா, ஊர்ப் புள்ளைங்களை எல்லாம் கையத் தூக்கு, கையத் தூக்குன்னு சொல்லிகினு இருந்தீங்க. இப்போ உங்க கையே தூக்க மாட்டேன்னுது!"

மேஜையில் முழங்கையை ஊன்றி எழுதுவதற்கு மட்டும் இந்தத் தோள் மறுப்புச் சொல்லவில்லை. நீ தனியாக என்ன சமைத்துச் சாப்பிடுகிறாய் என்று எழுது.

உன் அக்கா,
நாகு


ராய்ப்பூர்
3-7-2024

அன்புள்ள அக்கா,

சூரியின் நமஸ்காரம். ஜீரா உதாரணம் படித்த பிறகு இங்கே ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கும் சர்க்கரை வாசல்படியில்தான் நிற்கிறது. கையைக் கவனித்துக்கொள்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்.

எழுதிவிட்டேன். இனி விவரம். பெயர் அபிதகுஜாம்பாள். அபிதா என்று கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்தேழு. ராய்ப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கணவர் இறந்து ரொம்ப வருஷமாகிறது, அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. குழந்தை இல்லை.

அக்கா, வேதா போன பிறகு மூன்று வருஷமாக என் வீட்டில் பேசுவது டிவி ஒன்றுதான். அதையும் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் என்னிடம் கத்துகிறார்கள், இல்லையென்றால் 'ஒண்ணுமில்லை, விடுங்க' என்று போய்விடுகிறார்கள். அபிதா என் எதிரே வந்து உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசுகிறாள். எனக்கு அது போதுமாக இருக்கிறது.

தை மாதக் கடைசியில் குன்றத்தூர் மலைக் கோயிலில், நம் மனிதர்கள் மட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் முடிச்சு நான் போடுவேன். நாத்தனார் போட வேண்டிய மற்ற இரண்டும் நீதான் போட வேண்டும். வேதாவுக்கும் நீதான் போட்டாய்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சூரி


செம்பாக்கம்
29-7-2024

அன்புள்ள சூரிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தால் இல்லை. உனக்குத் துணை வருகிறது என்பது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீ ஊரப்பாக்கத்திலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தாள். சொன்னேன். "மாமாவா! சூப்பர்மா!" என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். வலது பக்கமாகக் கட்டிவிட்டாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டும்தான்.

அபிதாவுக்குக் காபியா, டீயா? வடக்கே இருந்தவர்களுக்கு டீதான் பிடிக்கும் என்பார்கள். உடம்பு எப்படி? சர்க்கரை உண்டா? எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல். எனக்கு வந்தது தெரியாமலே நாலு வருஷம் இருந்திருக்கிறது.

இங்கே பிஸியோதெரபி ஆரம்பித்திருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜோசலின் என்று ஒரு பெண். அவள் சொல்லிக் கொடுத்த முதல் பயிற்சி இது. இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, கிணற்று வாளி போல மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டாவது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் அவள் அறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. என் கோடு சுவிட்சுப் பலகை உயரத்தில் நிற்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒன்பது புள்ளி ஒன்று. டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

ஆடி வெயில் அங்கே எப்படி? மோர் நிறையக் குடி. அபிதாவுக்கு என் ஆசீர்வாதம்.

அக்கா நாகு


ராய்ப்பூர்
14-8-2024

அன்புள்ள அக்கா,

இங்கே மழை. நானும் அபிதாவும் நலம். அவளுக்கு டீதான். சர்க்கரை இல்லை, பார்த்துவிட்டோம்.

உன் கடிதத்தை அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். முடித்துவிட்டு, "அக்கா எல்லாம் எழுதியிருக்கா. முடிச்சு பத்தி மட்டும் எழுதலையே?" என்றாள். நான் கவனிக்கவே இல்லை. மறுபடி படித்துப் பார்த்தேன். இல்லைதான்.

மறந்திருப்பாய். அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடு. அவள் எதிர்பார்க்கிறாள். நானும்தான்.

கோடு ஏறுகிறதா?

சூரி


செம்பாக்கம்
20-9-2024

அன்புள்ள சூரி,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். நவராத்திரிக்குப் பரணில் இருந்து பொம்மைப் பெட்டிகளை நித்யஸ்ரீதான் இறக்கினாள். என்னால் இந்த வருஷம் ஒரு செட்டியார் பொம்மையைக்கூட மேல்படியில் வைக்க முடியாது.

முடிச்சு விஷயம். எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் கை ஏறவில்லையே. ஜோசலின் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. வீட்ல பண்றீங்களா, இல்லையா?"

"பண்றேன்மா."

"பண்ணா இந்தக் கோடு இந்நேரம் காலண்டர்கிட்ட வந்திருக்கணும். ரெண்டு மாசமா சுவிட்சுகிட்டயே நிக்குது. ஹோம்வொர்க் பண்ணாத பசங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? கண்ணாடியில பாருங்க."

அவள் அப்படித்தான், வெடுக்கென்று பேசுவாள். ஆனால் நல்ல பெண். ஊசி ஒன்று இருக்கிறதாம், மூட்டுக்குள்ளேயே போடுவார்களாம். போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

கல்யாணத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? நம் சித்தப்பா பெண் மீனலோசனி இருக்கிறாளே. முறைக்கு அவளும் நாத்தனார்தான். கை கால் நன்றாக இருக்கிறவள். அவளைப் போடச் சொல். நான் அட்சதை போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா நாகு


ராய்ப்பூர்
5-10-2024

அன்புள்ள அக்கா,

உன் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. முதலிலேயே அதை எழுதிவிடுகிறேன்.

ஆனால் நான் முப்பது வருஷம் நிலத்தை அளந்து அளந்தே பிழைத்தவன். உன் கடிதம் வந்த அன்று ஒரு நாற்காலியில் தலையணையை நிறுத்தி வைத்தேன். அதன் மேல்பகுதியைக் கழுத்து என்று வைத்துக்கொண்டு, பின்னால் நின்று ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். பெண் உட்கார்ந்திருப்பாள், நாத்தனார் நின்றுகொண்டிருப்பாள். கை இடுப்பு உயரத்துக்கு மேல் போகவே இல்லை அக்கா. உன் கை சுவிட்சுப் பலகை வரை எட்டுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அந்த நேரம் பார்த்து அபிதா வந்துவிட்டாள். "தலைகாணிக்கு எதுக்குத் தாலி கட்டறேள்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, "அக்காவுக்கு என்னைப் பிடிக்கலை போலிருக்கு. கேக்காதீங்கோ, விட்டுடுங்கோ" என்றாள்.

அதனால் கேட்கிறேன். வேதா இருந்த இடத்தில் இன்னொருத்தியைப் பார்க்க உனக்கு மனசு வரவில்லையா? நீங்கள் இருவரும் எப்படிப் பழகினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்படி இருந்தால் சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். கையின் மேல் பழி போடாதே.

சூரி


ராய்ப்பூர்
28-11-2024

அன்புள்ள அக்கா,

தீபாவளி போய்விட்டது, கார்த்திகையும் பிறந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நித்யஸ்ரீயிடம் விசாரித்தேன், நலமாக இருக்கிறாய் என்றாள். குழுவில் யாரோ அனுப்பிய ரங்கோலிக்கு நீ கை தட்டியதையும் பார்த்தேன்.

நான் அந்தக் கடிதத்தைக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அபிதா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். "கூடப் பொறந்தவா மனசில்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம். இத்தனை வருஷம் தனியா இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானே?" என்கிறாள். கோயிலில் குறித்துவைத்த நாளை விட்டுவிடச் சொல்கிறாள். நான் மார்கழி பிறக்கும்வரை பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

சூரி


செம்பாக்கம்
6-12-2024

என் அன்புத் தம்பிக்கு,

உடம்பு சுமார். உங்கள் இருவர் நலமும் வேண்டுகிறேன். இதை அபிதாவுக்கும் படிக்கக் கொடு.

உன் தலையணைக் கணக்கு சரி. அதைப் படித்த பிறகுதான் நான் வாயடைத்துப் போனேன். தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நிற்பானே, அப்படி இரண்டு மாதம் நின்றேன்.

அபிதாவைப் பிடிக்காமல் இல்லை. வேதாவின் இடம் என்ற நினைப்பும் இல்லை. வேதா இருந்தால் அவளே உனக்குப் பெண் பார்த்திருப்பாள். நான் எழுதாமல் விட்டது வேறு.

உன் அத்திம்பேர் போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் மேடைப் பக்கம் போனதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதற்கு முன் நானே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நித்யஸ்ரீயின் சீமந்தத்தில், பெற்ற மகள், அவளுக்கு எல்லோரும் வளையல் போட்டபோது நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் முன்பே காய்ந்துதான் இருந்தது.

முப்பத்தாறு வருஷம் அறிவியல் எடுத்தவள் நான். பூனை குறுக்கே போன நாளில் என்ன நடந்தது, போகாத நாளில் என்ன நடந்தது என்று ஒரு மாதம் பிள்ளைகளைக் குறித்துவரச் சொல்லி, பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, 'பார்த்தீர்களா, வித்தியாசம் ஒன்றும் இல்லை' என்று நிரூபித்தவள். அந்த வாயால் இதை உனக்கு எப்படிச் சொல்வேன்? வெட்கமாக இருந்தது சூரி.

என் கை இதுவரை ஒரு பெண்ணின் கழுத்தில்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது. வேதாவின் கழுத்தில். அவள் இல்லை. சுமங்கலியாகப் போனாள், பாக்கியம் என்றார்கள் எல்லோரும். உன்னை டிவிக்கு முன்னால் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போனது என்ன பாக்கியம்? அதற்கு முன்பே என் தாலியும் போயிற்று. நீ கேட்பதற்கு மூன்று மாதம் முன்னால் சரியாக இந்தக் கை பூட்டிக்கொண்டது. சர்க்கரைதான் காரணம். டாக்டர் சீட்டில் இருக்கிறது. மற்றவர்களுக்கு உதாரணத்தோடு விளக்குகிறேன். ஆனாலும் யாரோ கையைப் பிடித்து, 'நீ போடாதே' என்று சொல்கிற மாதிரி ஒரு நினைப்பு. போக மாட்டேன் என்கிறது.

ஜோசலின் கண்டுபிடித்தது உண்மை. உன் ஜூலை கடிதம் வந்த வாரத்திலிருந்து நான் பயிற்சி செய்யவில்லை. கை சரியாகிவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான். வலித்தால் வலிக்கட்டும் என்று விட்டேன். அந்த ஊசியும் வேண்டாம் என்றது அதற்காகத்தான்.

அபிதாவின் முடிவுக்கு நான் காரணமாக இருக்கக் கூடாது. கல்யாணம் நடக்க வேண்டும். மீனலோசனி முடிச்சுப் போடட்டும். இதைக் கையைச் சாக்கு வைத்துச் சொல்லவில்லை. பயந்து சொல்கிறேன். உனக்கு இன்னொரு தடவை எதுவும் ஆகக் கூடாது.

அக்கா


ராய்ப்பூர்
17-12-2024

மரியாதைக்குரிய நாகலக்ஷ்மி அக்காவுக்கு,

அபிதா எழுதுகிறேன். நான் ஹிந்தியில் படித்தவள். தமிழ் என் அப்பா வீட்டில் சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் டீச்சர் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் தோள் வலி குறைய வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாலை ஆயிற்று. உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தப்பு. அதற்கு முதலில் மன்னிப்பு.

அக்கா, நானும் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். அண்ணன் பெண் கல்யாணம், அக்கா பையன் கல்யாணம், எல்லாவற்றிலும் நான் பார்த்தது காய்கறிதான். தாலி கட்டும் நேரத்தில் யாராவது வந்து, "அபிதா, பூசணிக்காய் நறுக்கியாச்சா?" என்று கேட்பார்கள். கெட்டிமேளம் கேட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பிக்கொள்வேன். மேளம் நின்றதும் மறுபடி நறுக்குவேன். கோபம்கூட வராது. பழகிவிடும். உங்களுக்குத் தெரியும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் கை ஆகாது என்றால் என் கழுத்து மட்டும் எப்படி ஆகும்? ஒரு தடவை தாலி ஏறி இறங்கின கழுத்துதானே இது. நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் பயப்பட வேண்டியது உங்கள் தம்பிதான். அவரிடம் இதைச் சொன்னேன். "எனக்குக் காது கேக்கலை" என்கிறார். நன்றாகக் கேட்டது, எனக்குத் தெரியும்.

மீனலோசனி அக்கா நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் போட்டால், நான் அந்த மேடையில் உட்காரவும் லாயக்கில்லாதவள் என்று நீங்களே எனக்குச் சொல்வது மாதிரி ஆகும். நீங்கள் அதை நினைத்து எழுதவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

கோயிலில் குறித்த நாளை விட்டுவிடும் முடிவை நான் மாற்றிக்கொள்கிறேன். வருகிறேன், உட்காருகிறேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீங்கள் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும்.

நமஸ்காரத்துடன்,
அபிதா


செம்பாக்கம்
2-1-2025

அன்புள்ள அபிதா,

ஆசீர்வாதம். உன் கடிதத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

பூசணிக்காய் இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். என் பயத்தை நான் என்னைப் பற்றிய விஷயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் மறுமுனை உன் கழுத்தில் போய்ச் சுற்றும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வயதுக்கு இது பெரிய கவனக்குறைவு.

டிசம்பர் கடைசியில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். சொன்னபடி சர்க்கரை முந்நூறைத் தொட்டது, டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், இப்போது இறங்கி வருகிறது. வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. விறைப்பு அப்படியே இருக்கிறது. வீட்டில் பயிற்சி செய்கிறேன். ஜோசலின் என் முகத்தைப் பார்த்து, "இப்போ ஹோம்வொர்க் பண்ற மூஞ்சி" என்றாள்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வருகிறேன்.

அக்கா நாகு


செம்பாக்கம்
20-2-2025

அன்புள்ள சூரிக்கும் அபிதாவுக்கும்,

பிரயாணம் சௌகரியமாக இருந்ததா? இட்லியும் மிளகாய்ப் பொடியும் நாக்பூர் வரை வந்ததா? இங்கே நான் நலம்.

சூரி, அன்று நீ முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், மெஷினையும் மேளச் சத்தத்துக்காகக் கழற்றி வைத்திருந்தாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ முதல் முடிச்சைப் போட்டதும் நான் முன்னால் வந்தேன். அலமேலு சித்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்துவிட்டாள். "ஏண்டி நாகு, நீ எங்கே போறே? மீனா எங்கே? மீனா!" என்று கூப்பிட ஆரம்பித்தாள். மெதுவாகப் பேசவே தெரியாது அவளுக்கு. ஐயர்கூடத் திரும்பிப் பார்த்தார். என் கால் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், இன்னும் ஒரு நொடி போயிருந்தால் பின்னால் போயிருப்பேன்.

அபிதா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "அக்காதான் போடணும் சித்தி. கழுத்து என்னோடது" என்றாள். சித்தி தலைப்பை விட்டுவிட்டாள்.

உன் தலையணைக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, தெரிந்துகொள். கை உயர வேண்டியதில்லை, அது சரி. இரண்டாவது முடிச்சு போட்டேன். ஆனால் முடிச்சை இறுக்க இரண்டு கையையும் பக்கவாட்டில் இழுக்க வேண்டுமே! இந்த நோயில் முதலில் பூட்டிக்கொள்வதே அந்த அசைவுதான். உன் தலையணை அதை உனக்குச் சொல்லியிருக்காது. இழுத்தேன். தோளில் கத்தி இறங்கியது மாதிரி இருந்தது. வலது கை நகரவில்லை. முடிச்சு தளர்ந்து நின்றது. மேளக்காரர் வாசித்துக்கொண்டே இருக்கிறார், எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுபடி அந்த நினைப்புதான். வேண்டாம் என்று தடுக்கிறது.

அப்போது அபிதாவின் கை, பூச்சரத்துக்குக் கீழே, பின்னால் வந்தது. என் வலது கையில் இருந்த நுனியைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டது. அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள், நான் இடது கையால் மறு பக்கம் இழுத்தேன். முடிச்சு இறுகியது. மூன்றாவதும் அப்படித்தான் போட்டோம். பூ மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. சித்திக்குக்கூட.

மலையிலிருந்து இறங்கும்போது நித்யஸ்ரீ, "ஏம்மா அழறே?" என்றாள். தோள் வலி என்றேன்.

என் கோடு இப்போது காலண்டருக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. மூன்று மாத சர்க்கரை எட்டுக்குக் கீழே வந்திருக்கிறது. தோள் முழுதாகத் திறக்க இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள்.

பயமும் போகவில்லை. உங்களிடமிருந்து கடிதம் தாமதமானால் எனக்கு என்னவெல்லாமோ தோன்றும். பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தாலும் தோன்றத்தான் செய்யும். அதை நீங்கள் இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை, தபால் அட்டையிலாவது, நலம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். வேறு செய்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா நாகு


ராய்ப்பூர்
3-3-2025

அக்காவுக்கு அபிதா நமஸ்காரம். மாதம் ஒரு வரி கேட்டீர்கள். இன்று காலை உப்புமாவில் பெருங்காயம் அதிகம் என்று உங்கள் தம்பி தட்டைத் தள்ளி வைத்தார். நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, என் உதட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு முழு உப்புமாவையும் சாப்பிட்டார். இருவரும் நலம். உங்கள் தோள் எப்படி இருக்கிறது?